எட்டு ஸ்கெட்ச் புக், ஒரே டம்ளர்

எட்டாவது ஸ்கெட்ச் புக்கின் கடைசிப் பக்கம் போன வாரம் முடிந்தது. முடித்த கையோடு எட்டையும் தரையில் வரிசையாகப் பரப்பி, எல்லாவற்றிலும் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தேன். எட்டிலும் அதே ஸ்டீல் டம்ளர். முதல் புத்தகத்தில் அதன் வாய் இரண்டு முனையும் கூராக, கண் வடிவத்தில் இருக்கிறது. அடிப்பக்கம் ஸ்கேல் வைத்துப் போட்டது போன்ற நேர்கோடு. எட்டாவதில் டம்ளர் மேஜைமேல் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. 248 படங்கள், 287 நாட்கள். தினமும் வரையும் பழக்கத்தை இதற்கு முன் இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் பாதியில் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை மட்டும் ஏன் நிலைத்தது என்பதை, மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை வாங்கியது ஏ4 அளவில் கெட்டி அட்டை போட்ட புத்தகம். 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள், தடவிப் பார்த்தாலே ஆசையாக இருக்கும். தினமும் இரவு ஒரு மணி நேரம் என்று திட்டம். அவ்வளவு நல்ல தாளில் சுமாரான படம் விழுந்தால் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளைக் கிழித்தேன். தைத்துக் கட்டிய புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால், அதே மடிப்பின் மறுபாதியாக இருக்கும் தாளும் பிடிமானம் இல்லாமல் கழன்று வரும். பத்து நாளில் புத்தகம் உதிர ஆரம்பித்துவிட்டது. பதினோராம் நாளோடு அலமாரிக்குப் போனது. கிழித்ததைவிடப் பெரிய தப்பு, அதன் அளவு. ஏ4 புத்தகத்தை விரித்தால் மேஜையில் பாதி போய்விடும். வரைய உட்கார வேண்டுமென்றால் முதலில் மேஜையைக் காலி செய்ய வேண்டும். களைத்துப்போன இரவில் அந்த ஒரு வேலையே போதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுவதற்கு.

இரண்டாம் தடவை ஏ5 ஸ்பைரல் புத்தகம், 6பி பென்சில், ரப்பர். நேரத்தை 20 நிமிடமாகக் குறைத்தேன். இது மூன்று வாரம் ஓடியது. 6பி மிகவும் மென்மையான பென்சில். தாளின் இரண்டு பக்கத்திலும் வரைந்து பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தால், எதிரெதிர்ப் பக்கங்கள் உரசி ஒன்றின் கறுப்பு இன்னொன்றில் ஏறிவிடும். மூன்றாம் வாரம் திறந்து பார்த்தபோது பழைய படங்கள் எல்லாம் சாம்பல் படிந்து கிடந்தன. பென்சில் தூளைத் தாளோடு ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரே அடித்தால் உரசாமல் நிற்கும்தான். ஆனால் 20 நிமிட வேலைக்கு ஜன்னலைத் திறந்து, ஸ்ப்ரே அடித்து, காயவிட்டுக் காத்திருப்பதெல்லாம் தினசரி நடக்கிற காரியமில்லை. இன்னொரு தப்பும் செய்தேன்: எல்லாப் பக்கத்திலும் முன்கூட்டியே தேதி எழுதி வைத்தேன். இரண்டு நாள் விட்டுப்போனால் இரண்டு வெள்ளைப் பக்கம் முறைத்துப் பார்க்கும். அதை நிரப்புவதற்காக ஒரே நாளில் மூன்று படம் அவசரமாகக் கிறுக்கினேன். மூன்றும் எதற்கும் உதவாத படங்கள். அதோடு அந்தப் புத்தகமும் போயிற்று.

புத்தகத்தை நானே கட்டியது

மூன்றாம் தடவை தொடங்கும் முன் ஒன்று முடிவு செய்தேன். கெடுத்தால் வருத்தப்படாத புத்தகம் வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். கடையில் தேடுவதைவிட, கட்டிவிடுவது சுலபம் என்று தோன்றியது.

கணக்கு இதுதான். எட்டு ஏ4 தாளை ஒன்றாக நடுவில் மடித்தால் ஏ5 அளவில் 16 தாள், 32 பக்கம். 31 பக்கம் வரைவதற்கு, கடைசி ஒரு பக்கம் திரும்பிப் பார்த்துக் குறிப்பு எழுதுவதற்கு.

முதலில் கட்டிய மாதிரிப் புத்தகம் சரியாக வரவில்லை. மடிப்பு முரடாக இருந்தது, திறந்தால் விரிந்து படுக்காமல் தானாக மூடிக்கொண்டது. காரணம் தாளின் நார் ஓடும் திசை. தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். என்னிடம் இருந்த ஏ4 தாளில் நார் நீளவாக்கில் ஓடியது; நானோ அதைக் குறுக்கே மடித்திருந்தேன். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் அச்சுதான் நார் திசை.

இதற்கு வழி ஏ3 தாள். நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாளை நீளத்தின் பாதியில், அதாவது 21 செ.மீ.யில், வெட்டினால் இரண்டு ஏ4 கிடைக்கும். அவற்றில் நார் குட்டைப் பக்கத்தோடு ஓடும். அதை ஏ5 ஆக மடித்தால் நாரும் மடிப்பும் ஒரே திசை. ஒரு புத்தகத்துக்கு நான்கு ஏ3 தாள் போதும். 120 ஜிஎஸ்எம் எடுத்தேன். 80 ஜிஎஸ்எம்மில் பேனாக் கோடு பின்பக்கம் தெரிகிறது. 160 எடுத்தால் எட்டுத் தாள் மடிப்பு தடித்து வாய் பிளக்கிறது.

தைப்பதற்கு மூன்று துளை போதும். 21 செ.மீ. முதுகில் 3, 10.5, 18 செ.மீ. இடங்களில் குறித்துக்கொண்டேன். தடிமனான வேறொரு புத்தகத்தைப் பாதி திறந்து, அதன் பள்ளத்தில் மடித்த தாள்களை வைத்து, உள்பக்கமிருந்து குத்தூசியால் குத்தினால் துளை மடிப்பிலேயே விழும். நூல் 55 செ.மீ., மெழுகில் இரண்டு தடவை இழுத்தது. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, அங்கிருந்து நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இரண்டு முனையும் உள்ளே ஓடும் நீள நூலின் இருபுறமும் வரும்படி வைத்து முடிச்சு. இறுக்கும்போது நூலை முதுகோடு ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் துளை கிழியும். இரண்டாவது புத்தகத்தில் கிழித்து, மடிப்பில் டேப் ஒட்ட வேண்டி வந்தது. அட்டைக்குப் பழைய ஃபைல் அட்டை. எட்டுத் தாள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்திருப்பதால் உள்தாள்கள் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலாக வெளியே துருத்தும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒரே சீராக நறுக்கிவிடலாம். நறுக்காமல் விட்டாலும் ஒன்றும் கெடாது.

முதல் புத்தகம் கட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது 25 நிமிடம். இந்த 25 நிமிடம் எனக்கு மிகவும் பிடித்த நேரமாகிவிட்டது. நம் கையால் மடித்துத் தைத்த தாளில் முதல் கோடு போட பயமே வருவதில்லை. கெட்டால் இன்னொன்று கட்டலாம் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது.

எதால் வரைவது

ரப்பரை ஒதுக்கிவிட்டு, மைக்கு மாறினேன். வீட்டில் ஒரு நல்ல மைப் பேனா இருந்தது. அதில் சாதாரண மை ஊற்றி வரைந்து, மேலே தண்ணீர்த் தூரிகை ஓட்டினால் கோடு முழுக்கக் கரைந்து ஓடியது. கரையாத மை வேண்டுமென்று இந்தியன் இங்க் ஊற்றினேன். அங்கேதான் பேனாவை இழந்தேன். தொட்டு எழுதும் நிப்புக்கென்று வரும் இந்தியன் இங்கில் அரக்குச் சத்து கலந்திருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது. நிப்புக்கும் அதன் அடியில் இருக்கும் மெல்லிய மைக்கால்வாய்க்கும் நடுவே அது காய்ந்து கெட்டியாகிவிட்டது. இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்தும், பிரித்துக் கழுவியும் மை இறங்கவில்லை. மைப் பேனாவில் வரைய ஆசைப்படுபவர்கள் புட்டியின்மேல் ‘மைப் பேனாவுக்கு உகந்தது’ என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே ஊற்றுங்கள்.

அதன்பின் 0.3 பிக்மென்ட் ஃபைன்லைனர், அதாவது நிறமித் தூள் கலந்த மை உள்ள மெல்லிய முனைப் பேனா. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. முதல் பேனாவின் முனை இரண்டே வாரத்தில் அழுந்தி மழுங்கியது. எழுதுகிற அழுத்தத்திலேயே வரைந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. பிடியை முனையிலிருந்து இரண்டு விரல்கடை மேலே ஏற்றி, மணிக்கட்டை விட்டு முழங்கையிலிருந்து கோடு போடப் பழகியபின், ஒரு பேனா இரண்டு புத்தகம் வரை வருகிறது. தவறிய கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிடுகிறேன். இரண்டும் சேர்ந்து நிற்பதால், எந்தப் பக்கம் தவறுகிறேன் என்பது பக்கத்திலேயே பதிவாகிவிடுகிறது. அழித்திருந்தால் இந்தத் தகவல் கிடைத்திருக்காது.

நேரமும் இடமும்

நேரம் 15 நிமிடம், டைமர் வைத்து. இரவை விட்டுவிட்டு, காலையில் மொபைலைத் தொடுவதற்கு முன் என்று மாற்றினேன். புத்தகம், பேனா, டைமர் மூன்றும் ஒரு சின்னத் தட்டில், மேஜையில் எப்போதும் ஒரே மூலையில். எடுத்து வைக்கும் வேலை பூஜ்யம் ஆனதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம்.

‘என்ன வரைவது’ என்ற கேள்விதான் மிச்சம். முதல் புத்தகத்தில் பல காலைகளில் 15 நிமிடத்தில் ஐந்து நிமிடம் யோசனையிலேயே போயிற்று. இரண்டாவது புத்தகத்திலிருந்து அட்டையின் உள்பக்கம் 12 பொருட்களை முன்பே எழுதிவிடுகிறேன்: சாவிக்கொத்து, செருப்பு, கத்தரிக்கோல், மடித்த குடை, கதவுத் தாழ்ப்பாள், இப்படி. மனம் தானாக எதையாவது கேட்டால் அதை வரைவேன்; கேட்காவிட்டால் பட்டியலில் அடுத்தது.

விட்டுப்போன நாட்களுக்கு இடம் வைப்பதில்லை. வரைந்த பிறகுதான் தேதி. அதனால் முதல் புத்தகம் முடிய 44 நாள் ஆனது, எட்டாவது 33 நாள். மொத்தம் 39 நாள் வரையவில்லை. காய்ச்சல், பயணம், சில நாள் வெறும் அலுப்பு. ஒரு நாள் விட்டால் மறுநாள் வழக்கம்போல ஒரு படம், ஈடுகட்டும் வேலையே இல்லை.

ஆங்கில ஓவியர் டர்னர் விட்டுச்சென்ற சுமார் 300 ஸ்கெட்ச் புத்தகங்கள் லண்டனில் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தைரியம் கொடுத்தது, எத்தனையோ பக்கங்களில் வெறும் நாலைந்து கோடு மட்டுமே இருந்ததுதான். ஒரு மலையின் விளிம்பு, ஒரு பாய்மரம், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு 15 நிமிடத்துக்குள் ‘படம்’ முடிய வேண்டும் என்று நான் கேட்பதில்லை.

டம்ளர்

ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கம் அளவுகோல் பக்கம். அதே டம்ளர், அதே மேஜை, அதே நாற்காலி, இடதுபக்க ஜன்னல் வெளிச்சம். இதை ஏதோ யோசனையில் தொடங்கினேன். மொத்த முயற்சியிலும் அதிகமாகக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

இரண்டாவது புத்தகம் முடியும் சமயம் அக்கா மகள் வந்திருந்தாள். பக்கங்களைப் புரட்டிவிட்டு, “மாமா, இந்த டம்ளர் ஏன் மேஜையில ஒட்டாம நிக்குது?” என்றாள். எனக்கு அது தெரியவே இல்லை. அவள் போனபின் டம்ளரை எடுத்து வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். வாய் வட்டத்தைச் சாய்வாகப் பார்க்கிறேன், அதனால் நீள்வட்டமாக வரைகிறேன். அடியும் வட்டம்தான். ஆனால் மேஜை தட்டையானது என்று மூளைக்குத் தெரிந்திருப்பதால், கை நேர்கோடு போட்டுவிடுகிறது. வாயை மேலிருந்தும் அடியைப் பக்கத்திலிருந்தும் பார்த்தது போல ஆகிவிடுகிறது. அதனால்தான் ஒட்டவில்லை.

அதோடு முடியவில்லை. கண்மட்டத்தில் இருக்கும் வட்டம் வெறும் கோடாகத் தெரியும். அதிலிருந்து கீழே இறங்க இறங்க நீள்வட்டம் திறந்துகொண்டே போகும். டம்ளரின் அடி வாயைவிடக் கண்மட்டத்திலிருந்து அதிகம் கீழே இருக்கிறது. அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட இன்னும் உருண்டு இருக்க வேண்டும். நான் கொஞ்சமும் வளைக்காமல் விட்ட இடம், உண்மையில் அதிகமாக வளைய வேண்டிய இடம். டம்ளரைக் கண் உயரத்துக்குத் தூக்கி, மெல்ல இறக்கிக்கொண்டே பாருங்கள். வாய் கோடாகத் தொடங்கி மெதுவாகத் திறப்பதைப் பார்ப்பது அவ்வளவு அழகு. மூன்றாவது புத்தகத்தில் எட்டுப் பக்கம் இதற்கே கொடுத்தேன்: ஒரு நேர்கோட்டு அச்சு, அதில் மேலிருந்து கீழாக ஆறு நீள்வட்டம், ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் திறந்தது. முனைகள் கூராகாமல் உருண்டு திரும்ப வேண்டும். இதற்குப் பேனாவைக் காற்றில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, நிற்காமல் தாளில் இறக்கினால் போதும்.

நான்காவது புத்தகத்தின் டம்ளர் வேறொரு தப்பைக் காட்டியது. மேல்பாகம் எப்போதும் நீண்டு கிடந்தது. அடுத்து வரைந்த நாற்காலியிலும் அப்படியே, முதுகு நீளம். புத்தகம் மேஜையில் படுத்திருந்ததுதான் காரணம். சாய்வாகப் பார்க்கும்போது தாளின் தூரப் பகுதி கண்ணுக்குக் குறுகித் தெரியும். நாம் அதை ஈடுகட்டத் தெரியாமலே நீட்டி வரைந்துவிடுவோம். ஒரு பழைய பலகையின் அடியில் இரண்டு புத்தகம் கொடுத்துச் சாய்த்தேன். மறுநாளே பாதி குறைந்துவிட்டது.

அளவெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பேனாவை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் குறித்து உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தது. ஏனென்றால் முழங்கையை மடித்திருந்தேன். கை முழுதும் நீண்டு பூட்டிக்கொண்டால்தான் கண்ணுக்கும் பேனாவுக்கும் இடையே தூரம் மாறாது.

கைகள், நாற்காலிகள்

ஐந்தாவது புத்தகம் முழுக்க என் இடது கை. முதல் பத்து நாள் தாளைப் பார்க்காமல் கையின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு கோடு ஓட்டினேன். படங்கள் கோணலாகத்தான் வந்தன. ஆனால் பதினோராம் நாள் தாளைப் பார்த்து வரைந்தபோது, தோல் மடிப்புகளும் நகம் சதைக்குள் நுழையும் இடமும் தாமாகவே கோட்டுக்கு வந்தன. என்னை ரொம்ப நாள் குழப்பியது விரல்களின் நீளம். புறங்கையில் பார்த்தால் விரல் முட்டியிலிருந்து தொடங்குகிறது. உள்ளங்கையில் பார்த்தால் விரலிடைத் தோல் இருக்கும் இடத்திலிருந்து, அதாவது இன்னும் மேலேயிருந்து. அதே விரல் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. இதைக் கவனிக்காமல் இரண்டு பக்கத்திலும் ஒரே நீளம் வரைந்துகொண்டிருந்தேன். முட்டிகள் நான்கும் நேர்கோட்டில் இல்லை, வில்லாக வளைந்திருக்கின்றன என்பதும் இருபதாவது கைக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆறாவதில் நாற்காலிகள். கால்களை வரையாமல் அவற்றுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரைந்தேன். இதற்கு ஒரு சட்டம் செய்தேன். அட்டையில் 74 × 105 மி.மீ. ஜன்னல் வெட்டி, குறுக்கும் நெடுக்கும் நூல் ஒட்டினேன். ஏ7 அளவு என்பதால் ஏ5 பக்கத்தின் அதே விகிதம். நூல் எங்கே வெட்டுகிறதோ அதைப் பக்கத்தின் நடுவாகப் பிடித்துக்கொள்ளலாம். வான்கோ 1882-இல் ஹேக் நகரத்தில் இருந்தபோது இதே வேலைக்கு நூல் கட்டிய பெரிய சட்டம் செய்துகொண்டார். கடற்கரையில் ஊன்றி வைத்து அதன் வழியாகப் பார்த்து வரைந்திருக்கிறார்.

ஏழாவதும் எட்டாவதும் கலவை. ஏழாவதில் நிழலுக்காக 2பி பென்சிலுக்குத் திரும்பினேன். எதிர்ப்பக்கத்தில் ஏறாமல் இருக்க ஒவ்வொரு பென்சில் படத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் துண்டு.

மறுபடி தொடங்கினால்

முதல் நாளிலிருந்தே பலகையைச் சாய்த்து வைப்பேன். முதல் புத்தகத்திலேயே கடைசிப் பக்கக் குறிப்பை ஒழுங்காக எழுதுவேன். முதல் இரண்டு புத்தகத்தில் ‘பரவாயில்லை’, ‘இன்னும் பயிற்சி தேவை’ என்றுதான் எழுதியிருக்கிறேன், அதனால் ஒரு பயனும் இல்லை. ‘நீள்வட்ட முனை கூர், 9, 14, 22-ஆம் பக்கம்’ என்று எழுதத் தொடங்கியபின்தான் அடுத்த புத்தகத்தில் என்ன செய்வது என்று தெரிந்தது. தினமும் வரைந்தது கையைப் பழக்கியது, சரி. ஆனால் அதே தப்பையும் தினமும் பழக்கியிருக்கிறேன். டம்ளர் பக்கமும் இந்தக் குறிப்பும் இல்லாவிட்டால், 248-ஆவது படத்திலும் அடி நேர்கோடாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மொபைல் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த பக்கங்களையும் குறைப்பேன். அந்த வகையில் 30-க்கு மேல் இருக்கின்றன. விளிம்புகள் நன்றாகவே வந்திருக்கின்றன, ஆனால் எதிலும் பொருளுக்குப் பின்னால் இடம் இருப்பது போல் தெரியவில்லை.

துணி மடிப்பு இன்னும் பிடிபடவில்லை. நாற்காலி முதுகில் போட்ட துண்டை எட்டாவது புத்தகத்தில் ஆறு தடவை வரைந்தேன். எங்கிருந்து தொங்குகிறது, எங்கே தாங்குகிறது என்பது ஆறாவதில் மட்டும் லேசாகத் தெரிகிறது. ஒன்பதாவதுக்குத் தாள் வெட்டியாயிற்று. நடுவில் இரண்டு பழுப்புத் தாள் சேர்த்திருக்கிறேன், வெளிச்சத்துக்கு வெள்ளைப் பென்சில் போட்டுப் பார்க்க. இன்று இரவு தைத்துவிட்டால், காலையில் டம்ளர்.